ஜி.எஸ்.டி. சாலையும் லாரியின் இடப்பக்கமும்

சென்ற பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்ன கையோடு, பாரிசில் குடியேறிவிட்ட என் பள்ளித் தோழர் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு பெரிய லாரியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எச்சரிக்கை அட்டையின் படம். அதில் 'ஆங்கிள் மோர்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. 2021 ஜனவரி 1 முதல் பிரான்சில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கனரக வண்டிகளிலும் இந்த அட்டையை இரு பக்கமும் பின்புறமும் ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். "நினைவிருக்கிறதா, நாம் சிரித்த சிரிப்பு?" என்று கீழே எழுதியிருந்தார்.

நினைவில்லாமல் என்ன! புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் நாங்கள். 'மோர்' என்றால் பிரெஞ்சில் சாவு. செத்தது என்றும் பொருள். வகுப்பில் அந்தச் சொல் வந்த முதல் நாள், வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் மோர் கொண்டுவருகிற பையன்களைப் பார்த்து வகுப்பே சிரித்தது. ஆசிரியருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று கடைசிவரை விளங்கவில்லை.

'ஆங்கிள் மோர்' என்றால் செத்த கோணம். ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்து நேரே பார்த்தாலும், கண்ணாடியில் பார்த்தாலும், எந்த இடம் அவர் கண்ணுக்கு அகப்படாதோ அந்த இடம். நாம் இதைக் கண்மறைவு என்று சொல்லலாம். ஆனால் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில்தான் உண்மை முழுதாக இருக்கிறது. அந்த இடத்தில் நிற்பவன் ஓட்டுநருக்கு இல்லாதவன். கொஞ்சம் தவறினால் ஊருக்கும் இல்லாதவன்.

இந்தப் படம் வந்த நாளிலிருந்து, நாற்பது ஆண்டுக்காலமாக மனத்தில் கிடக்கும் ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லுமுன், நம் செங்கல்பட்டுப் பக்கம் பாரவண்டிகள் வந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பார்க்கிற இன்றைய பிள்ளைகள் அதை ஏதோ உப்பங்கழி என்று நினைக்கிறார்கள். கடற்கரையோரத்துக்கு அதுதான் ஒரு காலத்தில் லாரி ரோடு. 1806-இல் பேசில் காக்ரன் என்ற வெள்ளைக்காரர் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டத் தொடங்கினார். 1877, 1878 பஞ்சத்தின்போது, கூலிக்கு வழியற்றுப்போன ஜனங்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வடக்கே ஆந்திரத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். உப்பும், சவுக்கு விறகும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலும் இதில் படகேறிச் சென்னைக்குப் போயின. காற்றில்லாத நாளில் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். ஆகவே படகின் வேகம், மனிதன் நடக்கும் வேகம்தான். பல டன் சரக்கு போனாலும் படகுக்காரனும் கரையில் போகிறவனும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே போகலாம்.

உள்நாட்டில் அதே வேலையை மாட்டுவண்டி செய்தது. சென்னையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று தெற்கே இறங்குகிற கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடுதான் நம் ஜி.எஸ்.டி. சாலை. இருபுறமும் புளியமரங்கள், அவற்றின் இடுப்பில் சுண்ணாம்புப் பட்டை. இரவில் பத்து இருபது வண்டிகள் வரிசையாக வரும். அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் தூங்கினாலும் மாடுகள் விழித்திருக்கும். மாட்டுக்கும் கண் உண்டு என்பதை நாம் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

பிறகு லாரி வந்தது. 1948-இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மானிய பென்ஸ் கம்பெனியோடு கூட்டுச்சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. நம் ஊரில் வெகு காலம் அதற்கு 'டாட்டா பென்ஸ்' என்றே பெயர். 1965, 1966 புயல்களில் கால்வாய் சீர்கெட்டுப் படகுப் போக்குவரத்து ஒடுங்க, அந்தச் சரக்கும் ரோட்டுக்கு ஏறிவிட்டது. திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஊர் ஊராக லாரித் தொழில் வளர்ந்தது. பாடி கட்டுவதற்கும் அந்தப் பக்கம்தான்.

அந்த நாள் லாரியில் ஓட்டுநருக்கு இடப்பக்கம் ஒரு பையன் இருப்பான். கிளீனர் என்பார்கள். வண்டி கழுவுவது, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, முன்னால் கற்பூரம் கொளுத்துவது எல்லாம் அவன் வேலை. ஆனால் இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. இடப்பக்கக் கதவில் தொங்கிக்கொண்டு, "லெப்டுல சைக்கிள்ணே, நில்லு நில்லு... ம், ரைட், போலாம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவான். கதவை ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ. அவனை எடுபிடி என்றுதான் நாம் நினைத்தோம். அவன் அந்த லாரியின் இடது கண்.

இனி என் விஷயம்.

1986-ஆம் வருஷம். நான் செங்கல்பட்டில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கூடுவாஞ்சேரியில் சக ஊழியர் ஒருவர் வீடு கட்டியிருந்தார். புதுமனை புகுவிழாவுக்கு நானும், பக்கத்து மேஜை நண்பரும் ஆளுக்கொரு மொபெட்டில் காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். அப்போது சாலை இருவழிதான். சிங்கப்பெருமாள் கோயிலை நெருங்கும்போது எங்களுக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் சாலை பிரியும் இடத்தில் அது வலப்பக்கமாகச் சற்று ஒதுங்கியது. இடப்பக்கம் இடம் கிடைத்துவிட்டது என்று நண்பர் உள்ளே நுழைந்தார். நுழைந்த மாத்திரத்தில் லாரி இடப்பக்கம் திரும்பியது. முன்சக்கரம் அவரைத் தொடவில்லை. பின்சக்கரம்தான். நான் முப்பது அடி பின்னால் இருந்தேன். அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அவருக்கு வயது முப்பத்தாறு, இரண்டு பெண் குழந்தைகள்.

ஓட்டுநர் ஓடிப்போகவில்லை. கீழே இறங்கித் தலையில் அடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அவரை அடித்தது. நான் தடுக்கவில்லை.

வழக்கு நடந்தது. நேரில் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். நீதிமன்றத்தில் அவர் சொன்னது இரண்டே வாக்கியம்: "கிளீனர் பையனுக்குக் காய்ச்சல், அன்னைக்கு வரலைங்க. சத்தியமா நான் அவரைப் பார்க்கலைங்க." என்னிடம் கேட்டார்கள், ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்திருக்க முடியுமா என்று. நான், "பார்த்தார். பார்த்துக்கொண்டே திருப்பினார்" என்று சொன்னேன்.

அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. நண்பரை இழந்த ஆத்திரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன், நம்பியதைப் பார்த்ததாகச் சொன்னேன். கோப்பில் இல்லாத ஒரு சொல்லைக் குறிப்பில் எழுதாதவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். சாட்சிக் கூண்டில் எழுதிவிட்டேன். ஓராண்டு தண்டனை விதித்தார்கள். நீதி கிடைத்தது என்று நண்பரின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை.

இருபத்து மூன்று வருஷம் கழித்து, 2009-இல் நான் ஓய்வுபெற்று, திருக்கழுக்குன்றத்துக்கு வீடு மாற்றினேன். சாமான்களை ஏற்றிய லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். மகன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். ஓட்டுநர் நல்ல மனிதர். "உக்காந்து பாருங்க சார், சேர் மாதிரி இருக்கும்" என்று தம் இருக்கையில் என்னை ஏற்றி உட்கார வைத்தார். ஏழெட்டு அடி உயரத்தில் ராஜா மாதிரிதான் இருந்தது. விளையாட்டாக இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். லாரியின் நீளமான பக்கச் சுவரும், தூரத்தில் ரோடும் தெரிந்தன. மகன் எங்கே என்று கேட்டேன். "இதோ இங்கதான் நிக்கிறேன்ப்பா" என்று குரல் வந்தது. இடப்பக்கக் கதவுக்குச் சற்றுப் பின்னால், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், ஸ்கூட்டரோடு நின்றிருக்கிறான். கண்ணாடியில் இல்லை. எட்டிப் பார்த்தேன், ஜன்னலிலும் இல்லை.

ஓட்டுநர் சிரித்தார். "அதுக்குத்தானே சார் கிளீனர் வச்சிருந்தோம். இப்ப யாரு வர்றா? கட்டுப்படியும் ஆகலை" என்றார்.

அன்று டீ எனக்கு இறங்கவில்லை. 'சத்தியமா நான் அவரைப் பார்க்கலைங்க' என்ற குரல் காதில் வந்தது. அந்த மனிதர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தீர்ப்பின் நகலில் அவர் பெயரும் ஊரும் உண்டு. தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. முதலில் தைரியம் இல்லை, பிறகு உடம்பில் தெம்பு இல்லை. இந்தக் கட்டுரையை அவரோ அவர் பிள்ளைகளோ படிக்கப்போவதில்லை என்றாலும் இங்கே பதிந்துவைக்கிறேன்: அன்று நான் சொன்னது தவறு.

அவர் மீது பிசகே இல்லை என்று சொல்ல வரவில்லை. துணைக்கு ஆள் இல்லாத நாளில் இன்னும் பொறுத்துத் திரும்பியிருக்கலாம். ஆனால் கவனக்குறைவு வேறு, தெரிந்து செய்வது வேறு. நான் ஒன்றை மற்றதாக்கினேன்.

அன்றைக்கு நடந்ததன் கணக்கும் பின்னால்தான் எனக்குப் புரிந்தது. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், வளைவுக்கு இடம் வேண்டி முதலில் வலப்பக்கம் சற்று ஒதுங்கும். பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது; வளைவின் உட்புறமாக, குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். ஆகவே இடப்பக்கம் தெரிகிற அந்த இடைவெளி நமக்கு விட்ட வழி இல்லை. இன்னும் சில விநாடியில் பின்சக்கரம் வந்து மூடப்போகிற இடம். மாட்டுவண்டிக் காலத்துப் பழக்கத்தில், 'ஒதுங்கி வழிவிடுகிறார்' என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

இப்போது நம் சாலைகளைப் பாருங்கள். மறைமலை நகர், ஒரகடம், மகேந்திரா சிட்டி என்று தொழிற்சாலைகள் வந்தபின், சிங்கப்பெருமாள் கோயில் சந்திப்பில் கார் ஏற்றிய டிரெய்லரும் கண்டெய்னரும் வந்துகொண்டே இருக்கின்றன. ஜி.எஸ்.டி. சாலை நான்கு வழியாகி, புளியமரங்கள் போய், பரனூரில் சுங்கச்சாவடி வந்தது. கடற்கரையில் சிற்றூர்ச் சாலைகளை ஒட்டுப்போட்டு உண்டான கிழக்குக் கடற்கரைச் சாலை 2002 முதல் சுங்கச் சாலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அதை நான்கு வழியாக்கும் வேலையையும் எடுத்திருக்கிறார்கள். சாலை அகலமாகி வேகம் கூடியது. ஓட்டுநரின் இடது கண் மட்டும் திரும்பி வரவில்லை.

சட்டமும் தன் பங்குக்குச் சிலதைக் கொடுத்தது, சிலதை எடுத்தது. 2014-இல், வண்டிக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு போவதைத் தடை செய்தார்கள். இரவில் அந்தக் கம்பியில் மோதி எத்தனை பேர் போனார்கள் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 2018 ஜூலையில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில், தேசிய பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். எடை கூடியது, ஆள் குறைந்தது. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. இரவு இரண்டு மணிக்கு மாமண்டூர்ப் பக்கம் டீ குடிக்கிற எந்த ஓட்டுநரையாவது கேட்டுப் பாருங்கள், எட்டு மணி நேரமா என்று. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்றது மட்டும் மனத்துக்கு ஆறுதல். இஞ்சின் சூட்டில் வெந்துகொண்டு ஓட்டுபவருக்கு நிதானம் எப்படி இருக்கும்?

2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிப்போனால் பத்தாண்டு சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து நடந்தது. அந்தப் பிரிவை நிறுத்திவைத்தார்கள். ஓடக் கூடாது என்பது நியாயம். நின்றவரைக் கூட்டம் என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்தவன். பார்த்துக்கொண்டு நின்றவன். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாட்டளவில் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். புள்ளிவிவர அட்டவணை தயாரித்தே வயதானவன் நான். கட்டத்துக்குள் எண்ணாக நிற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்து மேஜை இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நம் வயதில் வண்டி ஓட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் பேரப்பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் சொல்வதற்கு நான் வைத்திருப்பது இவ்வளவுதான்.

லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியவில்லையென்றால், உன் முகம் அவருக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்பதாலேயே அவர் உன்னைக் கவனித்துவிட்டார் என்றும் ஆகாது.

இடப்பக்கமாக லாரியை முந்தாதே. சந்திப்பிலும் வளைவிலும் எவ்வளவு இடம் இருந்தாலும் நுழையாதே. அது வலப்பக்கம் ஒதுங்கினால் நீ பின்தங்கு.

வலப்பக்கமாக முந்தினால், பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போகாமல் சீக்கிரம் கடந்துவிடு. கடந்த உடனே அதன் முன்னால் வந்து பிரேக் போடாதே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே விநாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம். அதன் பிறகுதான் பதினெட்டு டன் நிற்கத் தொடங்கும்.

சிக்னலில் லாரியின் மூக்குக்கு நேர் கீழே போய் நிற்காதே. உயரத்தில் இருப்பவருக்குக் காலடி தெரியாது. பின்னால் போகும்போதும் ஒட்டிக்கொண்டு போகாதே. இரவில் நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு விளக்கு இருக்கும் என்று நம்பாதே.

இவற்றையெல்லாம் சென்ற மாதம் என் மகள் வயிற்றுப் பேரனிடம் சொன்னேன். பதினெட்டு முடிந்து உரிமம் வாங்கியிருக்கிறான், கல்லூரிக்கு ஜி.எஸ்.டி. சாலையில்தான் போய்வர வேண்டும். "சரி தாத்தா, சரி தாத்தா" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை, தெருமுனையில் சிமெண்ட் இறக்கிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு, பையனை அவர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தேன். நான் கைத்தடியோடு இடப்பக்கம் போய், கதவுக்குச் சற்றுப் பின்னால் நின்றுகொண்டேன். என் நண்பர் அன்று இருந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

"கண்ணாடியில பாருடா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மேலேயிருந்து குரல் வந்தது.

"தாத்தா, எங்க இருக்கீங்க? உங்களைக் காணோமே!"